டெம்பரேச்சர் முள் ஏறுதா? ரேடியேட்டர் மூடியைத் தொடாதீங்க!

அரியலூர் சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து பெரம்பலூர் வருவதற்குள், காரின் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடுகிறதா? ஏ.சி-யை அணைத்து, ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். திறந்ததும் பீறிட்டு முகத்தைப் பொசுக்கிவிடும். அரை மணி நேரமாவது ஆறட்டும்.

பிறகு அடியில் பாருங்கள். நிறமில்லாமல் சொட்டினால் ஏ.சி தண்ணீர், பச்சை, பிங்க் என்றால் கூலன்ட். ஹோஸ், ரேடியேட்டர், வாட்டர் பம்ப்பில் கசிவைத் தேடுங்கள். வெளியே சொட்டாமலே அளவு குறைந்து, சைலன்ஸரில் வெள்ளைப் புகை தொடர்ந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், ஓட்டவே கூடாது.

அவசரத்துக்குக் கேன் தண்ணீர் ஊற்றலாம். சுண்ணாம்புக்கல் பூமியின் போர் தண்ணீர் வேண்டாம். உப்பு படிந்து அடைக்கும். சிந்திய கூலன்ட்டைக் கழுவிவிடுங்கள். இனிக்கும், ஆனால் விஷம். குழந்தைகள், நாய்கள் ஜாக்கிரதை!