தறிக்குழியை மூடுமுன்

ஆரணி நகரின் நெசவாளர் தெருக்களில் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு வருகின்றன. நாட்டோடு வேய்ந்த கூரை இறங்குகிறது. செங்கல்லும் மணலும் வாசலில் குவிகின்றன. சில மாதங்களில் அவ்விடத்தில் கான்கிரீட் மாடி எழுகிறது. இதில் குறை காண என்ன இருக்கிறது என்று வாசகர்கள் வினவலாம். ஒழுகும் கூரையின் கீழ் வாழ்கிறவருக்கு ஒழுகாத கூரை வேண்டும். மகனுக்கு மணமானால் தனி அறை வேண்டும். இவை நியாயமான தேவைகளே. பழமையானது என்ற ஒரே காரணத்திற்காக ஒரு சுவரைக் காப்பாற்ற வேண்டும் எனக் கூறுவோர், பெரும்பாலும் அச்சுவருக்குள் குடியிராதவர்களே.

ஆயினும் பட்டு நெசவாளரின் இல்லத்தை ஏனைய இல்லங்களோடு ஒப்பிடலாகாது. அது குடியிருப்பதற்கான இடமாக இருப்பதோடு, தொழிற்கருவியாகவும் விளங்குகிறது. வாசலில் திண்ணை; அதைக் கடந்தால் நீண்ட கூடம்; கூடத்தின் மண்தரையில் தறிக்குழி. நெய்கிறவர் குழியினுள் கால்களை இறக்கி மிதியை மிதிக்கிறார். மண்ணின் ஈரம் நூலை வறண்டுபோகாமல் வைத்திருக்கிறது. வறண்ட பட்டிழை எளிதில் அறும். கூரை உயர்ந்திருப்பதால் கரையிலும் முந்தானையிலும் உருவம் எழுப்பும் ஜக்கார்டுப் பெட்டி தறியின் தலைமேல் தடையின்றி அமர்கிறது. ஒரு சேலை 5½ மீட்டர் என்றால், இரண்டு மூன்று சேலைகளுக்கு உரிய பாவு எத்துணை நீளம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அதை விரித்துச் சீர்செய்யக் கூடமும் போதாது; தெருவே பட்டறையாகிறது. ஆக, வீடும் திண்ணையும் தெருவும் சேர்ந்தே ஆரணிப் பட்டை உருவாக்குகின்றன. புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பட்டின் பின்னால் இந்த எளிய கட்டட அறிவு மறைந்து நிற்கிறது.

இவ்வீடு புதிதாகக் கட்டப்படும்போது நிகழ்வது என்ன? தரைக்கு டைல்ஸ் போடப்படுகிறது, குழி மூடப்படுகிறது. மாடியிலோ குழி தோண்ட இயலாது. மேடைத்தறி வாங்கலாம்தான், ஆனால் தாழ்ந்த கான்கிரீட் தளத்தின் கீழ் கோடை வெப்பம் தங்கிவிடும், ஜக்கார்டுக்கும் உயரம் போதாது. பாகப்பிரிவினை இன்னும் கொடியது. சகோதரர் இருவர் நீண்ட வீட்டை நெடுக்காகப் பிளந்து நடுச்சுவர் எழுப்பினால், இருவருக்கும் வீடு உண்டு. இருவருக்கும் தறி இல்லை. அதன்பின் கூலிக்கு வேறொருவர் கொட்டகையில் நெய்யப் போகிறார்கள், அல்லது தொழிலையே விட்டுவிடுகிறார்கள். இல்லத்தரசி அடுப்பங்கரைக்கும் இராட்டைக்கும் இடையே நடந்து இரண்டையும் கவனித்து வந்தாளே, அந்த ஒழுங்கும் அன்றோடு முடிகிறது. 2019-20ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நெசவிலும் துணைத் தொழில்களிலும் 35 இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஈடுபட்டுள்ளதாகக் கண்டது. அவர்களுள் மிகப் பலர் தம் இல்லத்திலேயே உழைப்பவர்கள். அவர்களுக்கு வீட்டு வரைபடம் வருமானத்தைப் பற்றிய கேள்வியுமாகும்.

பழைய கட்டடத்தை இடிக்காமலே புதிய வாழ்வுக்கு ஏற்றதாக்க இயலுமா? இயலும் என்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. புதுச்சேரியின் தமிழர் பகுதியில் வைசியாள் வீதி என்றொரு தெரு உண்டு. திண்ணையும், தெருவை நோக்கித் தாழ்ந்த மரத்தூண் தாழ்வாரமும், உள்ளே முற்றமும் கொண்ட வீடுகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு, இத்தாலியின் உர்பினோ நகரையும் பிரான்சின் வில்நோவ்-சுர்-லோ நகரையும் துணையாகக் கொண்டு, 2002 முதல் 2004 வரை புதுச்சேரியில் நடைபெற்ற ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் அத்தெரு எடுத்துக்கொள்ளப்பட்டது. இன்டாக் நிறுவனத்தார் வழிகாட்டினர். அரண்மனையோ ஆலயமோ அல்லாத சாதாரணக் குடிமக்களின் வீட்டு முகப்புகள் வரிசையாகச் சீர்பெற்றன. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதுகளில் ஒன்று அத்தெருவுக்குக் கிடைத்தது.

அதே ஊரில் மறுபக்கமும் உண்டு. கடற்கரையோரம் நின்ற பழைய நகராட்சி மாளிகையாகிய மேரி கட்டடம் பல்லாண்டு பூட்டிக் கிடந்தது. சீரமைப்பதைப் பற்றிய பேச்சு நடந்துகொண்டிருக்கையிலேயே, 2014 நவம்பர் 29ஆம் நாள் மழையில் அது இடிந்து விழுந்தது. பின்னர் பழைய வடிவிலேயே புதிதாகக் கட்டி 2021இல் திறந்தார்கள். கட்டடத்தைக் கொல்வது பெரும்பாலும் வயது அன்று, ஆளில்லாமையே. உரோமையின் பாந்தியோன் 609ஆம் ஆண்டில் கோவிலாக மாற்றப்பட்டு இடையறாது புழங்கப்பட்டதால்தான், அதன் காலத்துக் கட்டடங்கள் பல கற்குவியலாகிவிட்ட பின்னும் முழுமையாக நிற்கிறது.

புதுச்சேரியை அப்படியே ஆரணியில் நகலெடுக்க வேண்டும் என நாம் சொல்லவில்லை. அங்கே பழைய வீடுகள் பல விடுதிகளாகிவிட்டன. வெள்ளைச் சுவரையும் முற்றத்தையும் விருந்தினர் படம் பிடித்துச் செல்கிறார்கள். நமக்கு வேண்டுவது படம் அன்று, நெசவு. ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மையார் 1961இல் அமெரிக்க நகரங்களைக் குறித்து எழுதிய நூலில் ஒரு கருத்தை வலியுறுத்தினார்: புதுக் கட்டடத்தின் செலவைத் தாங்கக்கூடிய தொழில்கள் சிலவே; சிறு தொழில்கள் தழைக்கப் பழைய, வாடகை குறைந்த கட்டடங்கள் தேவை என்பது அது. நியூயார்க்குக்காக எழுதப்பட்டதெனினும் ஆரணித் தெருவுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது.

இனி நடைமுறைக்கு வருவோம். சுண்ணாம்புக் காரையால் கட்டிய சுவரின்மேல் சிமெண்ட் பூசுவது நம்மவர் வழக்கமாகிவிட்டது. அது பெருந்தவறு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும் இயல்புடையது. சிமெண்ட் பூச்சு அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். உப்பு பூத்துப் பூச்சு பாளம் பாளமாக உதிரும். "சுவர் கெட்டுவிட்டது, இடித்துவிடலாம்" என்று மேஸ்திரி தீர்ப்பு வழங்குவார். கெட்டது சுவர் அன்று, பூச்சு. அவ்வாறே சுவருக்குள் நுழையும் இடத்தில் உத்திரத்தின் நுனி மட்டும் மக்கியிருந்தால், அந்த நுனியை அறுத்து நல்ல மரத்தை இணைக்கலாம். உத்திரம் முழுவதையும் தள்ள வேண்டியதில்லை. கழிப்பறை, குளியலறை, கூடுதல் படுக்கையறை ஆகியவற்றைப் பின்கட்டில் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். முன்கூடமும் குழியும் திண்ணையும் அப்படியே இருக்கட்டும். முழுதும் இடித்துத்தான் ஆகவேண்டும் என்ற நிலையிலும், வரைபடம் போடுகிறவரிடம் முதலில் தறியின் நீளத்தையும் ஜக்கார்டின் உயரத்தையும் அளந்து கொடுக்க வேண்டும். படுக்கையறைக் கட்டிலுக்கு அளவு கேட்கிறவர் தறிக்கு மட்டும் கேட்பதில்லை.

பங்கு பிரிக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. அறைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள், சமையலைப் பிரித்துக்கொள்ளுங்கள். தறிக்கூடத்தைப் பொதுவில் வைத்து, யார் எத்தனை தறி போடுவது, கூரை பழுதானால் செலவை எவ்விகிதத்தில் ஏற்பது, ஒருவர் தம் உரிமையை விற்க நேர்ந்தால் முதலில் யாரிடம் கேட்பது என்பவற்றைப் பாகப்பிரிவினைப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளலாம். பத்திரம் எழுதும் வழக்கறிஞர் தாமாக இதைச் சொல்வது அரிது, கேட்டால் எழுதுவார். பதிவுக்கு முந்தைய நாளே கேட்டுவிட வேண்டும். நடுச்சுவரின் அடித்தளம் விழுந்த பிறகு எந்தப் பத்திரமும் பயன்படாது.