விண்டோஸா, லினக்ஸா, மேக்கா?

நெய்வேலியில் ஒரே குவார்ட்டர்ஸுக்குள் மூன்று இயங்குதளங்களைப் பார்க்கலாம். அப்பாவின் மேசையில் பழைய விண்டோஸ் 7. பிளஸ் டூ மாணவர்களுக்கு 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளை லீவுக்கு வந்தால் கையில் மேக்புக். மந்தாரக்குப்பத்தில் உட்கார்ந்து சீட்டுக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. எனக்காக யாரும் மெஷினை மாற்றப் போவதில்லை. என் புரோகிராம்தான் அவரவர் மெஷினுக்குத் தக்கபடி நடந்துகொள்ள வேண்டும்.

சி மொழியில் எழுதினால் விண்டோஸுக்குத் தனியாக, லினக்ஸுக்குத் தனியாகக் கம்பைல் செய்து கொடுப்போம். எந்த இயங்குதளம் (ஓஎஸ்) என்பது அப்போதே முடிவாகிவிடும். பைத்தான், ஜாவா அப்படியில்லை. ஒரே கோப்பு எல்லா மெஷினுக்கும் போகும். ஓடத் தொடங்கிய பிறகுதான், தான் இருக்கும் இடம் எது என்று அது விசாரித்துத் தெரிந்துகொள்ளும். பைத்தானில் இதற்கென்றே 'பிளாட்ஃபார்ம்' என்ற மாட்யூல் உண்டு. கேட்டால் 'விண்டோஸ்', 'லினக்ஸ்' என்று பதில் வரும். மேக் மட்டும் 'டார்வின்' என்று தன் அடித்தளத்தின் பெயரைச் சொல்லும்.

சில இடங்களில் கேட்டே ஆக வேண்டும். செட்டிங்ஸ் கோப்பை வைக்க விண்டோஸில் 'ஆப்டேட்டா' ஃபோல்டர், மேக்கில் 'லைப்ரரி'க்குள் 'அப்ளிகேஷன் சப்போர்ட்', லினக்ஸில் ஹோம் ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் 'கான்ஃபிக்'. ஒன்றின் வழக்கம் இன்னொன்றுக்குச் செல்லாது.

சிக்கல் என்னவென்றால், வரும் பதிலை அப்படியே நம்ப முடியாது. விண்டோஸ் 11 தன் பதிப்பு எண்ணை இன்னமும் 10.0 என்றே சொல்கிறது. பில்டு எண் 22000-ஐத் தொட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் அதை இனம் காண வேண்டும். விண்டோஸ் 8.1-லும் அதற்குப் பிறகும், புதிய பதிப்பைத் தனக்குத் தெரியும் என்று முன்கூட்டியே அறிவிக்காத புரோகிராமுக்கு, விண்டோஸ் 8-இன் எண்ணான 6.2தான் பதிலாகக் கிடைக்கும். பழைய புரோகிராம்கள் புது எண்ணைப் பார்த்து மிரண்டு நின்றுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. 2019-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதல், ஐபேடின் சஃபாரி இணையதளங்களிடம் தன்னை மேக் என்றே காட்டிக்கொள்கிறது.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்குத் தலைவலி இன்னும் கூடுதல். விண்டோஸ்தானே, நிர்மலா எழுத்துரு இருக்கும் என்று எழுதினால் விண்டோஸ் 7-இல் ஏமாற வேண்டியதுதான். நிர்மலா வந்தது விண்டோஸ் 8-இல். அதற்கு முன் லதாதான். ஆகவே ஓஎஸ் பெயரை விட்டுவிட்டு, மெஷினில் எந்தெந்தத் தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன என்று பட்டியல் கேட்பதே சரி.

கோப்புப் பெயரில் இன்னொரு கண்ணி. 'பொன்னி' என்று ஒரு உறுப்பினரின் கணக்குக் கோப்பு இருக்கிறது என்று வையுங்கள். 'பொ'வில் வரும் ஒகரக் குறிக்கு யூனிகோடில் தனி எண் உண்டு. அதையே எகரக் கொம்பு, கால் என்று இரண்டு எண்ணாகவும் எழுதலாம். 2017-க்கு முந்தைய மேக்குகளின் கோப்பு முறை, பெயரைச் சேமிக்கும்போதே இப்படிப் பிரித்துவிடும். அந்தக் கோப்பை லினக்ஸுக்குக் கொண்டுவந்து, ஒற்றை எண்ணோடு 'பொன்னி' என்று தேடினால் கிடைக்காது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். லினக்ஸுக்கு அவை வேறு வேறு. ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பெயரையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் தீர்ந்தது. இதற்கு எந்த ஓஎஸ் என்று கேட்கவே வேண்டியதில்லை.

என் கட்சி இதுதான்: பெயரைக் கேட்பது கடைசி வழி. ஒரு வசதி இருக்கிறதா என்று சோதிக்க முடிந்தால் அதையே சோதிக்க வேண்டும். கேட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், நிரலில் ஒரே இடத்தில் கேட்டு, அந்தப் பதிலையே மற்ற பகுதிகளுக்கும் கொடுக்க வேண்டும். ஐம்பது இடத்தில் கேட்ட நிரலைத் திருத்த ஐம்பது இடத்தைத் தேட வேண்டியிருக்கும்.

காசு கொடுத்து மென்பொருள் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஓடும்' என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். உங்கள் வீட்டு மெஷினிலேயே, தமிழில் ஒரு கோப்பைச் சேமித்து, மூடி, மறுபடி திறந்து காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு பணத்தை எண்ணுங்கள்.