சிட்டுக்குருவிக்கு ஒரு வீடு

சிட்டுக்குருவியை அறியாதார் யார்? ஓட்டு வீட்டின் இறவாரத்திலும் சுவர்ப் பொந்திலும் கூடு கட்டி, நம்மோடு குடியிருந்த பறவை அது. கான்கிரீட் வீட்டில் பொந்து ஏது? ஆகவே கொல்லைப்புறத்தில் மரப்பெட்டி ஒன்றை நாமே செய்து வைக்கலாம்.

பெட்டியின் வட்ட வாயில் 32 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் போதும். மிகப் பெரிதானால் மைனா நுழைந்துவிடும். பூனை எட்டாத உயரத்தில், வெயிலும் மழையும் நேரே படாத சுவரில், அசையாமல் மாட்ட வேண்டும். குருவிகள் வைக்கோலும் இறகும் கொணர்ந்து உள்ளே மெத்தை அமைக்கும். பெரும்பாலும் 3 முதல் 5 முட்டைகள் இடும். ஏறக்குறைய 12 நாட்களில் குஞ்சு பொரிக்கும். அதன்பின் சுமார் 15 நாட்களில் குஞ்சுகள் பறந்துவிடும்.

பெரிய குருவிகள் தானியம் தின்னும். இளங்குஞ்சுகளுக்கோ புழு பூச்சிகளே முக்கிய உணவு. தாயும் தந்தையும் நாள் முழுதும் அவற்றைத் தேடிக் கொண்டுவந்து ஊட்டும். செடிகளுக்கெல்லாம் பூச்சிமருந்து தெளித்துவிட்டு, பெட்டியருகே கம்பு இறைப்பதால் குஞ்சின் பசி தீராது.

ஆவல் மிகுதியால் பெட்டியைத் திறந்து பார்க்காதீர்கள். அஞ்சிய குருவி கூட்டைக் கைவிடக்கூடும். தோழியரே, வீடு கொடுத்தால் மட்டும் போதுமா? குஞ்சின் உணவையும் தோட்டத்தில் விட்டுவைப்போம்!