பழைய கணினியில் பின்னணி நிரல்களைக் கட்டுப்படுத்தல்

பின்னணி நிரல் என்பது பயனர் திறக்காமலேயே, திரையில் சாளரம் எதுவும் காட்டாமல் கணினியில் இயங்கிக்கொண்டிருக்கும் மென்பொருள் ஆகும். நச்சுநிரல் எதிர்ப்பி, வைஃபை இணைப்பைப் பேணும் சேவை போன்றவை கணினிக்குத் தேவையான பின்னணி நிரல்கள். வேறொரு மென்பொருளை நிறுவும்போது உடன் வந்து, கணினியைத் திறக்கும்போதெல்லாம் தாமாகத் தொடங்குபவை பெரும்பாலும் தேவையற்றவை. நினைவகம் குறைவான பழைய கணினிகளின் வேகத்தை இவை வெகுவாகக் குறைக்கின்றன. செலவில்லாமல் இவற்றை நிறுத்த முடியும். ஆனால் எதை நிறுத்தலாம், எதை நிறுத்தக் கூடாது என்பதை அறிந்து செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டில் பழைய மடிக்கணினிகள்

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த மடிக்கணினிகள் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. பாவூர்சத்திரம் போன்ற ஊர்களில் பல குடும்பங்களுக்கு இதுவே முதல் கணினி. இவ்வூர் இப்போது தென்காசி மாவட்டத்தில் உள்ளது. 2019 நவம்பர் 22 வரை இப்பகுதி திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது.

முதற்கட்ட மடிக்கணினிகளில் 2 ஜிபி நினைவகமும் 320 ஜிபி வன்தட்டும் இருந்தன. அன்றைய பணிகளுக்கு அது போதுமானதாக இருந்தது. இன்றைய உலாவிகளும் இணையதளங்களும் அதைவிடக் கூடுதல் நினைவகத்தைக் கேட்கின்றன. எனவே, மெதுவாக இயங்கும் கணினி பழுதாகிவிட்டதாகக் கருதப்பட்டு ஓரங்கட்டப்படுகிறது. அக்காள் படித்த மடிக்கணினியே தம்பிக்கும் என்ற நிலையிலுள்ள வீட்டில், கல்லூரி விண்ணப்பமும் தேர்வுப் பதிவும் அந்த ஒரு கருவியையே நம்பியிருக்கக்கூடும்.

வேகம் குறையும் விதம்

இயங்கும் ஒவ்வொரு நிரலும் நினைவகத்தில் இடம் பிடிக்கிறது. நினைவகம் நிரம்பியதும், உடனடியாகத் தேவைப்படாத பகுதிகளை இயங்குதளம் வன்தட்டுக்கு மாற்றுகிறது. தேவைப்படும்போது மீண்டும் எடுத்துவருகிறது. பழைய மடிக்கணினிகளின் வன்தட்டு பொதுவாக நிமிடத்திற்கு 5400 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிவினாடி ஆகும். நினைவகத்திலிருந்து தரவைப் பெற இதில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு நேரமே போதும். ஆகவே, செயலி சும்மா இருந்தாலும் கணினி உறைந்ததுபோல் தோன்றுகிறது. வன்தட்டு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருப்பது இதன் அடையாளம்.

கண்டறியும் முறை

விண்டோஸ் இயங்குதளத்தில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் நினைவகம், வன்தட்டு, செயலி ஆகியவற்றை எந்த நிரல் எவ்வளவு பயன்படுத்துகிறது எனப் பார்க்கலாம். கணினியைத் திறந்தவுடன் பல பணிகள் ஒன்றாகத் தொடங்குவதால், பத்து நிமிடம் கழித்துப் பார்ப்பதே சரியான நிலையைக் காட்டும்.

இங்கு ஒரு நிரலைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுத்தால் அது அப்போதைக்கு மட்டுமே நிற்கும். கணினியை மறுபடி திறக்கும்போது மீண்டும் வந்துவிடும். நிலையான தீர்வுக்கு அது தொடங்குவதையே தடுக்க வேண்டும்.

தாமாகத் தொடங்குவதைத் தடுத்தல்

* விண்டோஸ் 8 மற்றும் அதற்குப் பிந்தைய பதிப்புகளில் டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பகுதியில், தேவையற்ற நிரலைத் தேர்ந்தெடுத்து 'டிசேபிள்' கொடுக்கலாம். விண்டோஸ் 7இல் இந்தப் பட்டியல் 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' என்னும் கருவியில் உள்ளது.
* இப்பட்டியலில் ஒவ்வொரு நிரலின் தாக்கமும் குறிப்பிடப்பட்டிருக்கும். தொடக்கத்தில் செயலியை 1 வினாடிக்கு மேல் பயன்படுத்துவதும், வன்தட்டில் 3 எம்பிக்கு மேல் படிப்பதும் எழுதுவதும் 'ஹை' என வகைப்படுத்தப்படுகின்றன. இவற்றிலிருந்து தொடங்குவது நல்லது.
* டோரண்ட் மென்பொருள், விளையாட்டுச் செயலிகள், காணொளி அழைப்புச் செயலிகள் போன்றவை தாமாகத் தொடங்க வேண்டிய அவசியமில்லை. தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். தடுப்பதால் அவை நீக்கப்படுவதில்லை.
* குரோம் உலாவியை மூடிய பின்னும் அதன் சில பகுதிகள் இயங்கக்கூடும். அதன் அமைப்புகளில் 'சிஸ்டம்' பிரிவில் இதை நிறுத்தலாம். எட்ஜ் உலாவியில் 'ஸ்டார்ட்அப் பூஸ்ட்' என்பதை அணைக்க வேண்டும்.

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் தடுக்காமல், இரண்டு மூன்றாகத் தடுத்துப் பார்த்தால் சிக்கல் நேர்ந்தாலும் காரணம் எளிதில் தெரியும். மாற்றம் செய்தபின் 'ஷட் டவுன்' கொடுப்பதைவிட 'ரீஸ்டார்ட்' கொடுப்பதே மேல். விரைவுத் தொடக்க வசதி இயங்கும் கணினிகளில் 'ஷட் டவுன்' முழுமையான மறுதொடக்கத்தைத் தருவதில்லை.

நிறுத்தக் கூடாதவை

நச்சுநிரல் எதிர்ப்பியை வேகத்துக்காக நிறுத்தக் கூடாது. பலருடைய பென்டிரைவ்கள் செருகப்படும் கணினிக்கு அது இன்றியமையாதது. ஆனால் இரண்டு எதிர்ப்பிகள் ஒன்றாக இயங்கினால் வேகம் குறையும், ஒன்றே போதும். ஒலி, தொடுபலகை, வைஃபை ஆகியவற்றுக்கான நிரல்களையும் விட்டுவிட வேண்டும். பெயர் புரியாத நிரலை, அது என்னவென்று தெரிந்துகொண்ட பின்னரே தடுக்க வேண்டும்.

என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை, அழகி போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களும் பின்னணியில் இயங்குபவையே. அவற்றைத் தடுத்துவிட்டால், மீண்டும் திறக்கும்வரை ஆங்கில எழுத்துகளே விழும். இவை எடுத்துக்கொள்ளும் நினைவகம் மிகக் குறைவு.

கணினியை வேகப்படுத்துவதாக விளம்பரம் செய்யும் 'பூஸ்டர்', 'கிளீனர்' மென்பொருள்களைத் தவிர்க்க வேண்டும். அவற்றுள் பல, தாமே பின்னணியில் இயங்கி நினைவகத்தை எடுத்துக்கொள்கின்றன.

வரம்புகள்

பின்னணி நிரல்களை நிறுத்துவது நினைவகத்தைக் கூட்டாது. இருப்பதைப் பயனரின் வேலைக்கு மீட்டுத்தரும். அதன் பின்னும் வேகம் போதாவிட்டால், நினைவகத்தை 4 ஜிபியாக உயர்த்துவதும் வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி பொருத்துவதும் அடுத்த வழிகள். இரண்டில் எஸ்எஸ்டி தரும் மாற்றமே பெரும்பாலும் உடனே புலப்படும்.

பாதுகாப்பு வேறொரு சிக்கல். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்தன. விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகமும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் வேண்டும் என்பதால், 2011ஆம் ஆண்டுக் காலத்து மடிக்கணினிகள் அதற்குத் தகுதி பெறுவதில்லை. இத்தகைய கணினிகளுக்கு லுபுண்டு போன்ற எடை குறைந்த லினக்ஸ் இயங்குதளம் பொருத்தமானது. அதில் தொடக்கத்திலேயே குறைவான பின்னணி நிரல்கள் இயங்குவதோடு, பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றுவதற்கு முன் சான்றிதழ்கள், ஒளிப்படங்கள் உள்ளிட்ட கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வைப்பது கட்டாயம்.