காகம் வந்த கதை, கூகை வந்த கதை
கொல்லைக் கோழி – தொடர் 9

சென்ற வாரம் அடையில் உட்கார்ந்த பெட்டைக்கோழியோடு நிறுத்தியிருந்தோம். இருபத்தொரு நாளில் குஞ்சுகள் வெளியே வந்துவிட்டன. இனி அவற்றைக் காப்பாற்றும் வேலை. அதைப் பேசச் சிலாங்கூரின் கேரித் தீவை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. காரணம், அந்தத் தீவின் பெயரிலேயே இருக்கிறது.

தீவுக்குப் பெயர் தந்த எட்வர்ட் வேலண்டைன் கேரி சிலாங்கூரில் காபி பயிரிட்ட துரைகளில் ஒருவர். 1890களில் காபிச் செடிகளைக் கம்பளிப்புழு மொட்டையடித்தது. புழுவைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து காகங்களைக் கப்பலேற்றிக் கிள்ளானில் விட்டார்கள். இந்தக் குடியேற்றத்தைப் பற்றிக் கொழும்பு அருங்காட்சியகம் நடத்திய 'ஸ்போலியா செய்லானிக்கா' இதழில் 1903இல் ஒரு குறிப்பு வந்தது. அதை எழுதியவர்களில் கேரியும் ஒருவர். காபி நிலைக்கவில்லை. விலை விழுந்தது, துரைமார் ரப்பருக்குத் தாவினார்கள். காகம் மட்டும் நிலைத்துவிட்டது. மனிதன் கொட்டும் குப்பை இருக்கும்போது அது காபித் தோட்டத்தில் புழு பொறுக்குவானேன்? கிள்ளான் துறைமுகம், சந்தை, சாப்பாட்டுக் கடைகளின் பின்புறம் என்று பெருகியது. நூறு வருடம் கழித்து அதே கிள்ளானில் நகராண்மைக் கழகம் துப்பாக்கிக்காரர்களை வைத்துக் காகம் சுட வேண்டியதாயிற்று.

கோழி வளர்ப்பவருக்கு இது வெறும் பழங்கதை இல்லை. முதல் பத்து நாளில் குஞ்சைத் தூக்குவதில் காகத்துக்கு இணை கிடையாது. முட்டையையும் விடாது. கூரையில் ஒன்று உட்கார்ந்து தாய்க்கோழியின் கவனத்தை இழுக்கும், மற்றொன்று பின்னாலிருந்து குஞ்சைக் கொத்திக்கொண்டு போகும். ஒரு பூச்சியை ஒழிக்க யோசிக்காமல் கொண்டுவந்த பறவை, இன்று நம் கொல்லையில் நாம் விரட்டும் பூச்சியாகிவிட்டது.

அதே தீவில் இன்னொரு பறவையின் கதை இருக்கிறது. அதை யாரும் கப்பலில் கொண்டுவரவில்லை, தானாக வந்தது.

இன்று கேரித் தீவு கிட்டத்தட்ட முழுவதும் செம்பனை. கரையோரம் அலையாத்தி மரங்களும் மா மெரி பூர்வகுடிகளின் கிராமங்களும் போக, உள்ளே நடந்தால் வரிசை வரிசையாகச் செம்பனைதான். முன்பு சைம் டார்பி பிளாண்டேஷன் என்று இருந்து 2024இல் எஸ்டி கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனத்தின் ஆராய்ச்சி மையமும் இங்கேதான். செம்பனை இருந்தால் உதிரிப்பழம் இருக்கும். உதிரிப்பழம் இருந்தால் எலி இருக்கும். எலி குலையையே கடித்துத் தின்று மகசூலைக் குறைக்கும். ரப்பர்க் காலத்தில் இவ்வளவு எலி தோட்டத்தில் கிடையாது, ஏனென்றால் அங்கே அதற்குத் தின்ன அதிகமில்லை.

எலி பெருகியதும் கூகை வந்தது. வெள்ளை முகமும் பொன்னிற முதுகும் உள்ள இந்த ஆந்தை ஒரு காலத்தில் மலாயாவில் அரிது. தீபகற்பத்தில் அது கூடு வைத்துக் குஞ்சு பொரித்ததாக முதலில் பதிவானது 1960களின் கடைசியில், ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில். சாப்பாடு நிறைய இருந்தது. முட்டையிடப் பொந்துதான் இல்லை, செம்பனையில் பொந்து விழாது. தோட்டங்கள் கம்பம் நட்டு மரப்பெட்டி வைத்தன, ஐந்து பத்து ஹெக்டேருக்கு ஒன்று என்று. பெட்டி வைத்த இடமெல்லாம் கூகை குடியேறியது. 1980களில் இதை ஆராய்ந்த கிரஹாம் லெண்டன், செம்பனைக்குள் வாழும் கூகையின் உணவில் ஏறக்குறைய முழுவதும் எலிதான் என்று காட்டினார். குஞ்சுகளோடு இருக்கும் ஒரு ஜோடி ஆண்டுக்கு ஆயிரம் எலிக்கு மேல் பிடிக்கிறது.

இதற்கு ஆராய்ச்சிக்கூடம் தேவையில்லை, கூகைப் பெட்டியின் அடியில் குனிந்து பார்த்தாலே தெரியும். கட்டைவிரல் நீளத்தில், கருத்து, காய்ந்து, மெழுகு பூசியதுபோல் மினுங்கும் உருண்டைகள் கிடக்கும். எச்சம் என்று நினைப்போம், எச்சம் அல்ல. செரிக்காமல் கூகை வாய்வழியாகக் கக்கியவை. ஒன்றை எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்தால் முதலில் சாம்பல் நிற மயிர் அவிழும். பிறகு ஊசி ஊசியாக விலா எலும்புகள். நடுவில் முழு மண்டையோடு, அதில் ஆரஞ்சு நிறத்தில் வளைந்த இரண்டு முன்பற்கள். சில உருண்டைகளில் இரண்டு மண்டையோடுகள்கூட இருக்கும். கூகை கத்தினால் வீட்டில் சாவு விழும் என்று நம்பி வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதைப் பிரித்துக் காட்டுங்கள். அந்தப் பயம் ஒரு மாலையில் போய்விடும்.

இப்போது உங்கள் கோழிக்கூட்டுக்கு வருகிறேன். கோழி வளர்க்கத் தொடங்கிய மூன்று மாதத்தில் எல்லா வீட்டிலும் ஒரே புகார்: எலி வந்துவிட்டது. உடனே கடைக்குப் போய் எலி மருந்து வாங்குகிறோம். தோட்டங்கள் நாற்பது ஐம்பது வருடம் முன்பு செய்ததும் இதுதான். முதலில் வார்ஃபரின் வைத்தார்கள். எலி அதற்குப் பழகிப்போனதால் புரோடிஃபாகம் போன்ற கடுமையானவை வந்தன. இவற்றைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும், பகலில்கூட வெளியே வரும். தள்ளாடும் எலியைத்தான் கூகை சுலபமாகப் பிடிக்கும். விஷம் அப்படியே கூகைக்குள் போகும். 1980களிலேயே மலேசியத் தோட்டங்களில் கூகைகள் இப்படிச் செத்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

கோழியும் தப்பாது. சிந்திய மருந்தைக் கொத்தும், செத்த எலியைக் கிழிக்கும். அந்த விஷம் முட்டையின் மஞ்சள் கருவரை இறங்கும். நம் பிள்ளைக்குச் சுத்தமான முட்டை கொடுக்கத்தானே கோழி வளர்க்கிறோம்?

எலியை அழைப்பது கோழி அல்ல, சிந்திய தீவனம். குஞ்சுத் தீவனம், நொய், தவிடு எதுவானாலும் மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள். பிளாஸ்டிக் வாளியை எலி ஓர் இரவில் கடித்துவிடும். காலையும் மாலையும் கோழி கால் மணி நேரத்தில் தின்று முடிப்பதை மட்டும் போடுங்கள். பொழுது சாய்வதற்குள் தட்டை எடுத்துக் கழுவிவிடுங்கள். கூட்டின் தளம் தரையிலிருந்து முழங்கால் உயரமாவது இருக்கட்டும், அடியில் விறகும் பழைய சாமானும் சேர வேண்டாம். கடையில் கோழிக்கம்பி என்று விற்கும் அறுகோணக் கண் வலை கோழி வெளியே போவதைத் தடுக்குமே தவிர, எலி உள்ளே வருவதைத் தடுக்காது. அரை அங்குலச் சதுரக் கண் உள்ள பற்றவைத்த கம்பிவலை வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் ஒரு தடவைச் செலவு. பாம்புக்கும் அதுவே தடை. முசாங்கும் (மரநாய்) பியாவாக்கும் (உடும்பு) பலகையைப் பெயர்க்கும் பலம் கொண்டவை, ஆகையால் கதவுக்குக் கயிறு போதாது, தாழ்ப்பாள் வேண்டும்.

மலைப்பாம்பு முதலில் கோழிக்காக வருவதில்லை என்பதை இந்தப் பக்கத்துத் தோட்ட மக்கள் நன்றாக அறிவார்கள். அது எலித்தடத்தைப் பிடித்து வருகிறது, வந்த இடத்தில் கோழி இருக்கிறது. உள்ளே புகுந்துவிட்டால் அடிக்கப் போகாதீர்கள், பொதுத் தற்காப்புப் படையை அழையுங்கள். கூகையோ இரவில் மட்டும் வேட்டையாடும், அந்நேரம் உங்கள் குஞ்சு கூட்டுக்குள் அடைந்திருக்கும். அதை எதிரிப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

இத்தனை செய்தாலும் ஒரே வாரத்தில் கூட்டையே காலி செய்யும் எதிரி ஒன்று உண்டு: வெள்ளைக்கழிச்சல் நோய். கம்பத்துக் கோழிக்கு இதைத் தடுக்க வழி தேடியதில் நம் பக்கத்து செர்டாங்குக்கும் பங்கு இருக்கிறது. அங்கிருந்த அன்றைய வேளாண் பல்கலைக்கழகத்தில் லத்திஃப் இப்ராஹிமும் குவீன்ஸ்லாந்தின் பீட்டர் ஸ்ப்ராட்புரோவும் 1980களில் சேர்ந்து உழைத்து, வெயிலில் சீக்கிரம் கெடாத 'வி4' தடுப்பூசியைத் தீவனத்தில் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஐஸ்பெட்டி இல்லாத கிராமத்தை மனத்தில் வைத்துச் செய்த வேலை அது. அந்த ஆராய்ச்சி பிறகு ஆசியா, ஆப்பிரிக்கக் கிராமங்கள் வரை போனது. இன்று கண்ணில் சொட்டு விடும் முறைதான் நம்பகமானது. குஞ்சுப் பருவத்திலேயே தொடங்கி, சில மாதத்துக்கு ஒரு முறை திரும்பப் போட வேண்டும். பத்துக் கோழிதானே என்று கூச்சப்படாமல் மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் கேளுங்கள்.

கேரித் தீவிலோ, பந்திங், தெலுக் பங்லிமா காராங் பக்கமோ, செம்பனை ஓரத்தில் குடியிருப்பவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பின்புறத்தில் விஷம் தின்ற எலி வேலியோடு நிற்காது, கூகைப் பெட்டி வரை போகும். இந்த வாரம் எலி மருந்துப் பொட்டலம் வாங்க நினைத்திருந்தால், அந்தப் பணத்தில் மூடியுள்ள தகர டின் ஒன்று வாங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள்.

(அடுத்த வாரம்: செள்ளும் பேனும்)