பிறர் வோட்டைச் சுமப்பவர் யார்?

வோட்டர் தாமே சாவடிக்குச் சென்று சீட்டைப் பெட்டியில் இடுவது ஒரு முறை. வீட்டிலிருந்தபடியே குறியிட்டு, உறையில் மூடித் தபாலில் அனுப்புவது மற்றொரு முறை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இந்த இரண்டாவது முறை மிகவும் பரவியிருக்கிறது. ஆயினும், அவ்வுறையைத் தபாற் பெட்டியில் இடவோ, தேர்தல் அதிகாரியின் காரியாலயத்தில் சேர்ப்பிக்கவோ இயலாதவர்கள் அநேகர். பக்கவாதத்தால் படுக்கையில் கிடப்பவரும், கண்ணிழந்தோரும், தபாலாபீசுக்குப் பல மைல் செல்ல வேண்டிய ஏழைகளும் தங்கள் வோட்டை மற்றொருவர் கையில் ஒப்படைக்கின்றனர். அந்த மற்றொருவர் யார்? அவர் தமது பெயரைச் சொல்ல வேண்டுமா? அத்தாட்சி காட்ட வேண்டுமா? எத்தனை பேருடைய வோட்டுகளை அவர் சுமக்கலாம்? அற்பமாகத் தோன்றும் இக்கேள்விகளைக் குறித்து அவ்விரு தேசங்களிலும் சட்டங்கள் இயற்றப்பட்டிருக்கின்றன. கோர்ட்டுகளில் வழக்குகள் நடந்திருக்கின்றன. ஜனநாயகத்தில் பற்றுடைய எவரும் இவ்விவாதத்தைப் புறக்கணித்தல் கூடாது என்பது நமது அபிப்பிராயம்.

சந்தேகத்துக்கு இடமே இல்லை என்று சொல்வதற்கில்லை. 2018-ம் வருஷம் வட கரோலினா ராஜ்யத்தில் நடந்த சங்கதியைப் பார்ப்போம். அமெரிக்கப் பிரதிநிதி சபைக்கான ஒன்பதாவது தொகுதியில் ரிபப்ளிகன் கட்சி அபேட்சகர் 905 வோட்டு அதிகம் பெற்றதாகக் கணக்கிடப்பட்டது. பின்னர், பிளேடன் முதலிய ஜில்லாக்களில் அவருடைய தரப்பில் அமர்த்தப்பட்ட தேர்தல் தரகர் ஒருவர் கூலியாட்களை வீடு வீடாக அனுப்பித் தபால் வோட்டுகளைச் சேகரித்தார் என்பது வெளிவந்தது. உறை மூடப்படாத சீட்டுகளையும் அவர்கள் வாங்கிச் சென்றதாக விசாரணையில் சாட்சியம் கூறப்பட்டது. ராஜ்யத் தேர்தல் போர்டார் 2019 பிப்ரவரியில் ஏகமனதாக அத்தேர்தலைத் தள்ளிவிட்டு, புதுத் தேர்தலுக்கு உத்தரவிட்டனர். அது அவ்வருஷம் செப்டம்பர் 10-ந் தேதி நடைபெற்றது. நடுவில் பல மாதங்கள் அத்தொகுதி ஜனங்களுக்குப் பிரதிநிதியே இல்லை.

இந்த வழக்கிலிருந்து கட்சிக்காரர்கள் பலவித பாடங்களைக் கற்பிக்கின்றனர். நாம் கவனிக்க விரும்புவது ஒன்றே. உறவினரல்லாதார் பிறர் வோட்டை வாங்கிச் செல்லலாகாது என்ற தடை வட கரோலினாவில் அக்காலத்திலேயே இருந்தது. தடை இருந்தும் மோசடி நடந்தது. அப்படியானால் அதைக் காட்டிக் கொடுத்தது எது? அந்த ராஜ்யத்து விதிப்படி தபால் வோட்டின் உறைமீது இரண்டு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். உறைகளைப் புரட்டிப் பார்த்த பத்திரிகையாளர்கள் ஒரே சில பேருடைய கையொப்பம் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார்கள். அக்கையெழுத்துகளைப் பின்பற்றிச் சென்றபோதுதான் உண்மை வெளிப்பட்டது. ஆகவே, சட்டத்தின் தடை செய்ய மாட்டாத வேலையைக் காகிதத்தில் எழுதப்பட்ட பெயர் செய்தது. களவு இருட்டைத் தேடும். பெயரெழுதிக் கொடுக்கச் சொல்வது விளக்கேற்றி வைப்பதாகும்.

பிரிட்டனின் அனுபவமும் இதைப் போன்றதே. 2004-ல் பர்மிங்ஹாம் நகரசபைத் தேர்தலில் தபால் வோட்டுகளில் பெருமோசடி நடந்ததென்று 2005-ல் தேர்தல் நீதிபதி தீர்ப்பளித்து, ஆறு அங்கத்தினர்களின் தேர்தலை ரத்துச் செய்தார். கட்சிக்காரர்கள் நள்ளிரவில் ஒரு கிடங்கில் தபால் வோட்டுகளைக் குவித்து வைத்திருந்ததைப் போலீஸார் நேரில் கண்ட விஷயமும் அவ்வழக்கில் வந்தது. பல வருஷங்களுக்குப் பிறகு, 2022-ம் வருஷத்துத் தேர்தல் சட்டத்தின் மூலம் பார்லிமெண்டு இதற்குப் பரிகாரம் தேடிற்று. அதன்படி, 2024 மே முதல், சாவடியிலோ நகரசபைக் காரியாலயத்திலோ தபால் வோட்டுகளைக் கொண்டு வந்து கொடுப்பவர் தம்முடைய சீட்டைத் தவிர ஐந்து பேருடைய சீட்டுகளை மட்டுமே கொடுக்கலாம். தமது பெயரையும் விலாசத்தையும், பிறர் சீட்டைக் கொண்டு வந்த காரணத்தையும் ஒரு பாரத்தில் எழுதித் தர வேண்டும். கட்சிப் பிரசாரகர் தம் நெருங்கிய உறவினர், தாம் பராமரிக்கும் நோயாளி ஆகியோரின் சீட்டைத் தவிர வேறெவர் சீட்டையும் கையாளக் கூடாது. மீறினால் இரண்டு வருஷம் வரை சிறைவாசம் விதிக்கப்படலாம்.

இவ்விதிகளின் நோக்கத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால் இவற்றில் ஒரு பெருங்குறை இருக்கிறது. கொண்டு வந்தவர் பாரத்தை எழுதாமல் உறையை வைத்துவிட்டுப் போனால், அந்த வோட்டு தள்ளப்படுகிறது. வோட்டர் செய்த பிழை யாது? அவர் தமது வீட்டில் முறைப்படி குறியிட்டார், கையொப்பமிட்டார், அண்டை வீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்பினார். பையன் அவசரத்தில் பாரத்தை மறந்தான். பையனின் மறதிக்குக் கிழவியின் வோட்டுரிமை தண்டம் செலுத்துகிறது! குற்றம் ஒருவர் மீதும் தண்டனை மற்றொருவர் மீதும் விழுவது எந்தத் தேசத்து நீதி என்று கேட்கிறோம்.

இதைவிடக் கடுமையான அநீதி மாண்டானா ராஜ்யத்தில் நேர்ந்தது. அங்கே 2018 நவம்பரில் ஜனங்களின் நேர் வோட்டால் ஒரு சட்டம் நிறைவேறிற்று. பிறர் சீட்டைக் கொண்டு வருபவர் உறவினர், உடன் வசிப்போர், பராமரிப்போர், பழக்கமானவர் என்னும் வகுப்பில் ஒன்றைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். ஆறு சீட்டுகளுக்கு மேல் கொண்டு வரலாகாது. பெயர், விலாசம், டெலிபோன் நம்பர், வோட்டருக்கும் தமக்குமுள்ள சம்பந்தம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். மீறினால் சீட்டு ஒன்றுக்கு 500 டாலர் அபராதம். வெளிப் பார்வைக்கு இச்சட்டத்தில் தோஷமில்லை. ஆனால் மாண்டானாவில் ஆதிக்குடிகளுக்கென ஒதுக்கப்பட்ட ஏழு பிரதேசங்கள் இருக்கின்றன. கிரோ, பிளாக்ஃபீட், வட ஷையென் முதலிய ஜாதியார் அங்கே வசிக்கின்றனர். அவர்களில் அநேகருடைய வீட்டுக்குத் தபால்காரர் வருவதில்லை. தபாலாபீசு தூரம், தேர்தல் காரியாலயம் அதனினும் தூரம், வண்டியில்லாதவர் பலர். தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று சீட்டுகளை வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்ப்பித்ததாலேயே அவர்களுடைய வோட்டு எண்ணிக்கைக்கு வந்தது. ஆறு சீட்டு என்னும் வரம்பு அத்தொண்டர்களின் கையைக் கட்டிப் போட்டது.

அம்மண்ணுக்கு முதற் குடிகளான இவர்களுக்கு 1924-ல்தான் அமெரிக்கப் பிரஜைகள் என்னும் அந்தஸ்து சட்டத்தால் பூரணமாகக் கிடைத்தது. அப்படிப்பட்டவர்களுடைய வோட்டுக்கு மீண்டும் வேலியிடுவதைப் பார்த்து நாம் வருந்தாமல் இருக்க முடியாது. ஆதிக்குடிகளின் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. மாண்டானாவில் இவ்வகை மோசடி நடந்ததற்குச் சான்று காட்டப்படவில்லை என்றும், ஆதிக்குடிகள் மீது சட்டம் அளவுக்கு மிஞ்சிய பாரத்தைச் சுமத்துகிறது என்றும் கண்ட ஜில்லா கோர்ட்டு 2020 செப்டம்பரில் அதை ரத்துச் செய்தது. கூலி பெற்றுக்கொண்டு சீட்டுகளைச் சேகரிப்பதைத் தடுக்க 2021-ல் சட்டசபை செய்த மற்றொரு முயற்சியையும் ராஜ்யத்தின் சுப்ரீம் கோர்ட்டு 2024 மார்ச்சில் தள்ளிவிட்டது.

எல்லாக் கோர்ட்டுகளும் இவ்வாறு கருதவில்லை. குடும்பத்தார், உடன் வசிப்போர், பராமரிப்போர் தவிர மற்றவர் சீட்டு சேகரிப்பதைப் பெருங்குற்றமாக்கிய அரிஸோனாவின் 2016-ம் வருஷத்துச் சட்டத்தை, அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 2021 ஜூலையில் ஆறு நீதிபதிகளுக்கு மூவர் என்ற கணக்கில் ஊர்ஜிதம் செய்தது. மோசடி தன் எல்லைக்குள் நடக்கும் வரை ராஜ்யம் காத்திருக்க வேண்டியதில்லை என்பது பெரும்பான்மையோரின் வாதம். மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி எலீனா கேகன், அரிஸோனாவின் கிராம ஜில்லாக்களில் ஆதிக்குடி வோட்டர்களில் நூற்றுக்கு 18 பேருக்கே வீட்டில் தபால் கிடைக்கிறது என்றும், அதே ஜில்லாக்களின் வெள்ளையர்களில் 86 பேருக்குக் கிடைக்கிறது என்றும் எடுத்துக் காட்டினார். அக்கணக்கைப் படித்தபின், எல்லோருக்கும் ஒரே விதி என்பது எல்லோருக்கும் ஒரே நீதி ஆகாது என்று நமக்குத் தெளிவாகிறது.

பின், செய்யத் தக்கது யாது? கொண்டு வருபவரின் பெயரைக் கேட்பதை நாம் முழு மனத்துடன் ஆதரிக்கிறோம். பிறருடைய உரிமையைக் கையில் ஏந்தி வருபவர் தாம் யாரென்று சொல்லக் கூசுவாராயின், அவர் கையில் அது இருக்கத் தகாது. ஆனால் அத்தாட்சி விஷயத்தில் தாராளம் வேண்டும். நியூ ஹாம்ப்ஷயர் ராஜ்யத்தில் படத்துடன் கூடிய அத்தாட்சி கேட்கப்படுகிறது. எனினும், ஊர்க் குமாஸ்தா அவரை அறிந்தவராயின் அதுவே போதும் என்று விதி இடங்கொடுக்கிறது. இது விவேகமான ஏற்பாடு. கொண்டு வந்தவர் தவறினால் அவரைத் தண்டியுங்கள். வோட்டரிடம் ஆளனுப்பி விசாரித்துச் சீட்டு அவருடையதே என்று தெரிந்தால் எண்ணுங்கள். எத்தனை சீட்டு என்ற வரம்பைத் தேசத்தின் தூரத்தையும் ஜனங்களின் வறுமையையும் அறிந்து வகுக்க வேண்டும்.

யாவற்றிலும் மேலாக, வோட்டர் பிறர் கையை நாட வேண்டிய அவசியத்தையே சர்க்கார் குறைக்க வேண்டும். நமது நாட்டில் 2024 பொதுத் தேர்தலில், 85 வயது கடந்தோரும் நாற்பது சதவிகிதத்துக்குக் குறையாத ஊனமுடையோரும் விண்ணப்பித்தால், அதிகாரிகளே சீட்டுடன் வீடு தேடிச் சென்று வோட்டைப் பெற்று வந்தனர். அங்கே நடுவில் மூன்றாமவர் இல்லை. ஆகவே அவர் யாரென்ற கேள்வியும் இல்லை. செல்வத்திலும் சாதனங்களிலும் மிகுந்த அமெரிக்கா, தன் ஆதிக்குடிகளின் வாசலுக்குத் தபால்காரரை அனுப்ப முடியாதென்று சொன்னால் யார் நம்புவார்?

வோட்டைத் திருடுகிறவன் ஜனநாயகத்துக்குத் துரோகி. திருடனுக்குப் பயந்து ஏழையின் வாசலை அடைக்கிறவனும் அதே துரோகத்தைச் சட்டத்தின் பெயரால் செய்கிறான். பெயரைக் கேளுங்கள், வழியை அடைக்காதீர்கள்.