ஊசியும் அடுப்பும்



வீடு என்பது உண்டு உறங்கும் இடமாக மட்டும் இருந்ததில்லை. நெல் குத்தியதும், எண்ணெய்க்கு எள் காய வைத்ததும், தயிர் கடைந்ததும், பாய்க்குக் கோரை உலர்த்தியதும் வீட்டு முற்றத்திலேதான். இவற்றுள் பல இன்று ஆலைக்கும் கடைக்கும் போய்விட்டன. அன்றாடச் சமையலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இன்னும் பல குடும்பங்களில் விரும்பிச் செய்யப்படுகிற வீட்டுத் தொழில்களாக எஞ்சியவை சிலவே. அவற்றுள் இரண்டினைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். ஒன்று தையல். மற்றொன்று, கேக்கும் பிஸ்கட்டும் வீட்டிலேயே சுடுவது.

இவ்விரண்டினாலும் பெரும்பணம் மிச்சமாகிறது என்று சொல்ல முடியாது. ஆயத்த ஆடைகள் மலிந்த காலத்தில், துணி வாங்கி, நூல் வாங்கி, பொத்தான் வாங்கி ஒரு சட்டை தைத்தால் கடை விலையைவிடக் கூடுதலாகவே ஆகலாம். கேக்கும் அப்படித்தான். அங்ஙனமாயின் மக்கள் ஏன் இவற்றைக் கைவிடவில்லை? கட்டாயம் நீங்கிய பின்னரே ஒரு வேலை இன்பமாகிறது என்பது இதற்கு ஒரு விடை. தையலின் வரலாறே அதற்குச் சான்று.

கையால் தைத்த காலத்தில் தையல் இன்பப் பொழுதுபோக்கன்று. முதுகை வளைத்துக் கண்ணைக் கெடுக்கும் உழைப்பு. 1860களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தையல் இயந்திர நிறுவனம் ஒன்று ஒரு கணக்கை வெளியிட்டது. ஆடவர் சட்டை ஒன்றைக் கையால் தைக்க 14 மணி 26 நிமிடம். இயந்திரத்தால் தைக்க 1 மணி 16 நிமிடம். விற்பவர் போட்ட கணக்காதலின் சற்றுத் தள்ளுபடி செய்தே கொள்ளவேண்டும். ஆயினும் வேறுபாட்டின் அளவு விளங்கும்.

இயந்திரத்தை உண்டாக்குவதில் பெரிய தடை எது தெரியுமா? ஊசியேதான். கைத்தையலில் ஊசி முழுவதும் துணியை ஊடுருவி மறுபுறம் சென்று மீண்டும் வரவேண்டும். இயந்திரம் தான் பற்றிய ஊசியை விடுவதற்கில்லை. ஆகவே ஊசியின் கண்ணை அடிப்புறத்திலிருந்து நுனிக்கு மாற்றினார்கள். அமெரிக்கரான வால்ட்டர் ஹண்ட் 1830களிலேயே இத்தகைய இயந்திரம் ஒன்றைச் செய்தார். உரிமம் பெறாமல் விட்டுவிட்டார். எலியாஸ் ஹோவ் 1846இல் உரிமம் பெற்றார்.

வீட்டில் இயந்திரம் இருந்தால் அதன் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். ஊசி மேல்நூலுடன் துணிக்குள் இறங்குகிறது. அது மேலே எழத் தொடங்கும் கணத்தில், துணிக்கு அடியில் நூல் சற்றே புடைத்து ஒரு சிறு வளையமாகிறது. அடியிலுள்ள கொக்கி அவ்வளையத்தைப் பற்றிப் பாபினைச் சுற்றிக் கொண்டு செல்கிறது. இதனால் பாபின் நூல் வளையத்தினூடே புகுந்துவிடுகிறது. பின்னர் மேல்நூல் இழுக்கப்படும்போது இரு நூல்களும் துணியின் கனத்துக்கு நடுவே ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. மேற்புறத்தில் அடிநூல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், மேல்நூலின் இறுக்கம் மிகுதி என்று பொருள். அங்குள்ள திருகைச் சற்றுத் தளர்த்தினால் போதும். இயந்திரம் கெட்டுவிட்டது என்று எண்ணிப் பழுது பார்ப்பவரைத் தேடி ஓடுவோர் பலர் இதனை அறிவதில்லை.

இயந்திரங்களின் ஆட்சியை எதிர்த்துப் பேசிய காந்தியடிகளும் 1924ஆம் ஆண்டு உரையாடல் ஒன்றில் தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார். மனைவி ஊசியோடு படும் பாட்டைக் கண்டு, அன்பினால் சிங்கர் அதனை உருவாக்கினார் என்பது அவர் சொன்ன கதை. வரலாறு அவ்வளவு கனிவானதாக இல்லை. ஐசக் சிங்கர் 1850இல் பாஸ்டன் நகரப் பட்டறை ஒன்றில் பழுது பார்க்க வந்த பிறருடைய இயந்திரத்தைக் கண்டு, அதைத் திருத்தி, 1851இல் உரிமம் பெற்றார், நோக்கம் வாணிகமே. ஆனால், மனிதரின் நலம் கருதிய இயந்திரம் ஏற்கத்தக்கது என்று காந்தியடிகள் கொண்ட கருத்து அதனால் குறைந்துவிடவில்லை.

அன்பினால் விளைந்த கண்டுபிடிப்பு வேண்டுமானால் சமையலறைக்குள் செல்ல வேண்டும். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து மருந்து வணிகர் ஆல்பிரட் பேர்டு. அவர் மனைவிக்கு முட்டையும் ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்காகவே 1837இல் முட்டையில்லாக் கஸ்டர்டு பொடியையும், 1843இல் ஈஸ்ட் இல்லாமலே ரொட்டியை உப்ப வைக்கும் பேக்கிங் பவுடரையும் பேர்டு உருவாக்கினார். சோடாவும் அமிலமும் ஈரம்பட்டவுடன் சேர்ந்து கரியமில வாயுவை வெளியிடுகின்றன; அதுவே மாவை உயர்த்துகிறது. நம் வீட்டில் சமையல் சோடாவுடன் தயிர் சேர்ப்பதும் இதே காரணத்தால்தான். தயிர் குறைந்து சோடா மிகுந்தால் கேக்கில் சவுக்கார நெடி வீசும்.

மாவு உப்புவது தமிழருக்குப் புதிதன்று. இட்லி மாவும் ஆப்ப மாவும் இரவு முழுதும் புளித்து உயர்வதை நாம் அறிவோம். புதியது உலர்ந்த சூடு. ஆவியின் வெப்பம் ஏறத்தாழ 100 பாகையைத் தாண்டாது. அதனால் இட்லி வெண்மையாகவே இருக்கிறது. உலர்ந்த சூட்டில் கேக்கின் மேற்பரப்பு 140 பாகையைக் கடக்கும்போது, மாவிலுள்ள புரதமும் சர்க்கரையும் கலந்து மாறுதலடைந்து பொன்னிறமும் நறுமணமும் தோன்றுகின்றன. அடுத்த வீட்டாரைத் தலை நீட்டிப் பார்க்கச் செய்யும் மணம் அதுவே.

மின்னடுப்பு எல்லா வீட்டிலும் இல்லாத நாளில் நம் பெண்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அகன்ற பாத்திரத்தின் அடியில் மணலைப் பரப்பிச் சூடாக்கி, அதன்மேல் கேக் தட்டை வைத்து மூடி, மூடியின் மீது தணலைக் கொட்டிவிடுவார்கள். கீழும் மேலும் சூடு. மணல் விரைவில் கொதிப்பதுமில்லை, விரைவில் ஆறுவதுமில்லை. சீரான வெப்பத்துக்கு வேறென்ன வேண்டும்? குக்கரில் நீரின்றி, குண்டும் போடாமல், உப்பையோ மணலையோ பரப்பிச் செய்வதும் இதன் மறுபிறவியே.

கேக் செய்வதில் குடும்பத்தார் அனைவருக்கும் வேலை உண்டு. இதனை நான் பெரிதாக மதிக்கிறேன். வெண்ணெயையும் சர்க்கரையையும் வெண்மையாகும் வரை அடிப்பது கை வலிக்கும் பணி. சர்க்கரைப் படிகங்களின் கூரிய முனைகள் வெண்ணெயில் காற்றைப் புகுத்துகின்றன. பின்னர் வரும் வாயு புதிய குமிழ்களைத் தோற்றுவிப்பதில்லை. இருக்கும் குமிழ்களையே பெரிதாக்குகிறது. ஆகவே அடிப்பதில் சோம்பினால், அடுப்பால் அதை ஈடுசெய்ய இயலாது. மைதாவைச் சேர்த்த பிறகோ நேர்மாறு. மிகுதியாகக் கிளறினால் மாவின் புரதம் இழுபட்டுக் கேக் வன்மையாகிவிடும். ரொட்டிக்கு வேண்டிய இழுபடு தன்மை கேக்குக்குக் குற்றம். அப்புறம் காத்திருப்பு. ஆர்வம் மிகுந்த சிறுவன் பாதி வேக்காட்டில் மூடியைத் திறந்தால் சூடு தணிந்து, இன்னும் இறுகாத கேக் நடுவில் அமிழ்ந்துவிடும். பொறுமையை உபதேசத்தால் கற்பிப்பதைவிட இது எளிய வழி.

இங்கே ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. தெருவில் தையற்கடை வைத்திருப்போரில் பெரும்பாலோர் ஆடவர். ரொட்டிக்கடையில் மாவு பிசைவோரும் ஆடவரே. அதே ஊசியும் அதே மாவும் வீட்டுக்குள் வந்தவுடன் பெண்களின் வேலையாகிவிடுவது எங்ஙனம்? கூலி தரும்போது ஆணுக்குரிய தொழில், கூலியற்றபோது பெண்ணுக்குரிய கடமையா? தாய் ஒருத்தி இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து தைக்க, மற்றவர் விடிந்ததும் உடுத்து மகிழ்ந்தால், அது குடும்ப இன்பம் ஆகாது; ஒருவர் உழைப்பில் பிறர் அடைந்த வசதி. அறுந்த பொத்தானைத் தைக்கத் தெரியாத கல்லூரி மாணவனை நான் கண்டிருக்கிறேன். பெரிய கணக்குகளைப் போடுபவன் நான்கு துளைகளின் முன் திகைத்து நின்றான்!

பொழுதுபோக்காக நாம் மிதிக்கும் இயந்திரம் வேறொரு வீட்டில் சோறு போடுகிறது என்பதையும் மறக்கலாகாது. ஆதரவற்ற பெண்களுக்கும் கணவரை இழந்தோருக்கும் இலவசத் தையல் இயந்திரம் வழங்கத் தமிழக அரசு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் ஒரு திட்டம் வைத்திருப்பது இதனால்தான். ஒரு ரவிக்கையைத் தாமே தைத்து, கழுத்து வளைவில் இருமுறை பிரித்துத் தைத்தவர், தையற்காரரிடம் கூலிக்குப் பேரம் பேசும்போது நாக்கைச் சற்று அடக்கிக்கொள்வார்.

தொடங்க விரும்புவோர் நேர்த்தையல் மட்டுமே வேண்டும் துணிப்பை ஒன்றில் தொடங்கலாம். பழைய வேட்டித் துணியே போதும், கெட்டாலும் இழப்பில்லை. வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி, ஓட்டுத் தையலால் இணைத்துக் காந்தா என்னும் போர்வை செய்கிறார்கள். அதன் அழகெல்லாம் அந்த எளிய தையலில்தான். அடுப்புக்கு நெய் பிஸ்கட் நல்ல தொடக்கம். உப்ப வேண்டிய கவலை அதிகமில்லை. பொடித்த சர்க்கரை ஒரு பங்கு, நெய் ஒரு பங்கு, மைதா இரண்டு பங்கு, ஏலப்பொடி சிறிது. நெய் உறைந்த நிலையில் இருக்கட்டும். உருகிய நெய்யில் காற்று நிற்காது. உருண்டைகளை இடைவெளி விட்டு அடுக்குங்கள். இளஞ்சூட்டில், அடிப்பாகம் சிவக்கத் தொடங்கும்போதே எடுத்துவிடுங்கள். அப்போது தொட்டால் மெத்தென்று இருக்கும். வேகவில்லை என்று மீண்டும் உள்ளே தள்ளாதீர்கள். ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும்.